சுயகற்றல் என்று எழுதிய பெட்டிகள்

அந்தச் சொல்லை அந்தப் பாடசாலைக்குள் கொண்டுபோனவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிப் பலரைத் திட்டப்போகிறேன். திட்டும்போது என் பங்கை மறைத்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. கடலுக்கும் களப்பு என்ற உப்புநீர் ஏரிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கற்பிட்டி நிலத்தில், தரம் பதினொன்று வரைக்கும் வகுப்புகள் உள்ள ஒரு முஸ்லிம் பாடசாலையில் நான் புவியியல் ஆசிரியை. பிள்ளைகளில் பாதிப் பேர் பரம்பரையாக அந்த ஊர்க்காரர். மீதிப் பேர், தொண்ணூறில், யுத்தத்தின் நடுவே, முஸ்லிம்கள் என்பதற்காகவே மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் துரத்தப்பட்டு வந்த எங்களைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகள். துரத்தப்பட்டபோது அவர்கள் பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் வரவுப் பதிவேட்டைப் பார்க்காமலே யார் எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும்.

பாடசாலையின் நேரசூசியைத் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. யாரும் விரும்பாத வேலை அது. டிசம்பர் விடுமுறையில் பிரிஸ்டல் மட்டையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு பெட்டியாக நிரப்ப வேண்டும். ஒருவருக்கு முதலாம் பாடவேளை கூடாது, பஸ் பிந்திவிடும். இன்னொருவருக்குக் கடைசிப் பாடவேளை கூடாது, கைக்குழந்தை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகப் பாடசாலை பதினொன்றரைக்கே கலைந்துவிடும். அன்றைக்கு வெட்டுப்படும் பாடங்களை மற்ற நான்கு நாட்களுக்குள் செருக வேண்டும். எல்லாவற்றையும் செருகி முடித்து ஜனவரியில் கொண்டுபோய்த் தொங்கவிட்டால் எல்லோரும் என்னோடு ஒரு கிழமைக்குக் கதைக்க மாட்டார்கள்.

சுயகற்றல் என்ற யோசனை எனக்கு எந்தக் கருத்தரங்கிலும் கிடைக்கவில்லை. தரம் பத்தில் ஒருநாள் இலங்கையின் ஆறுகளைக் கரும்பலகையில் வரைந்தேன். அடுத்த வகுப்புக்கும் அந்தப் படம் தேவைப்பட்டதால், மூலையில் ‘அழிக்க வேண்டாம்’ என்று எழுதிவிட்டுப் போனேன். அடுத்த நாள் கொப்பிகளைத் திருத்த எடுத்தால், வகுப்பில் ஒருவர் மிச்சமில்லாமல், ஆறுகளின் படத்துக்குக் கீழே ‘அழிக்க வேண்டாம்’ என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தார்கள். சிலர் அதற்குக் கீழே கோடும் போட்டிருந்தார்கள்.

ஆசிரியர் அறையில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. பத்து வருடமாக இந்தப் பிள்ளைகளை நாங்கள் பார்த்தெழுதும் கைகளாக வளர்த்திருக்கிறோம் என்று விளங்கியது. அவர்களுக்குக் கேள்வி கேட்க எந்த நாளும் நேரம் இருந்ததில்லை. நேரசூசியில் அதற்கு ஒரு பெட்டி இல்லை. பெட்டி போடுகிறவள் நான்.

அந்த டிசம்பரில் போட்டேன். தரம் பத்துக்குக் கிழமையில் ஒருநாள், அடுத்தடுத்து இரண்டு பாடவேளைகள். பிள்ளைகள் தாங்களே ஒரு கேள்வியைத் தெரிந்தெடுக்க வேண்டும். எந்தப் பாடமாகவும் இருக்கலாம். நூலகத்தில் தேடலாம், வெளியில் போய்ப் பார்க்கலாம், எந்த ஆசிரியரிடமும் போய்க் கேட்கலாம். ஒரு ஆசிரியர் கூடவே இருப்பார். ஆனால் பாடம் நடத்த மாட்டார். தவணை முடிவில் ஒவ்வொருவரும் தாங்கள் கண்டதை வகுப்புக்குச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் ‘சுயகற்றல்’ என்று முழுவதும் எழுத இடம் போதாமல் ‘சு.க.’ என்று எழுதினேன்.

இரண்டு பாடவேளைக்கு இடம் எடுக்க நான் பட்ட பாடு சொல்லி முடியாது. தமிழ் ஆசிரியையிடம் அரைமனதோடு ஒன்று கிடைத்தது. என்னுடைய புவியியலில் ஒன்றை நானே விட்டுக்கொடுத்தேன். “படிப்பிக்காம இருக்கிறதுக்கும் ஒரு பாடவேளையா?” என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். பாடசாலை அதிபர், “சரி, கடைசி ரெண்டையும் எடுங்க டீச்சர், அதுல எப்படியும் ஒண்ணும் நடக்கிறல்ல” என்றார். தகரக் கூரை கொதிக்கும் நேரம் அது. மாட்டேன் என்றேன். புதன்கிழமை காலை, இரண்டாம் மூன்றாம் பாடவேளைகள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கினேன். மிச்சம் மீதியைப் பிள்ளைகளுக்குப் போடும் பழக்கம் எனக்கு அப்போதே பிடிக்காது.

முதல் ஐந்தாறு புதன்கிழமைகள் தோல்வி. பிள்ளைகள் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்கள். “டீச்சர், கேள்வியை நீங்களே தாங்களேன்” என்று கெஞ்சினார்கள். ஒரு பையன் ‘உலகின் மிகப் பெரிய ஆறு எது’ என்று எழுதி, ஒரு நிமிடத்தில் பதிலையும் எழுதி, கொப்பியை மூடிவிட்டான். எனக்கே பயமாக இருந்தது.

பிறகு ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள். அவளுடைய வாப்பா உப்பளத்தில் வேலை செய்பவர். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

“டீச்சர், பாத்தியில தண்ணி விட்டா எத்தின நாளையில உப்பு வருமெண்டு எங்கட வாப்பா பாத்தவுடனே சொல்லிருவார். அது அவருக்கு எப்படித் தெரியும்?”

“நீ அவரிட்டக் கேட்டியா?”

“கேட்டன். ‘தெரியும்’ எண்டு மட்டும்தான் சொல்றார்.”

அதையே கேள்வியாக எழுது என்றேன். அடுத்த புதன் சோடாப் போத்தலில் உப்பளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்தாள். விஞ்ஞான அறைக்குப் பின்னால் மதிலின்மேல் நான்கு பாத்திரங்கள் வைத்தாள்: ஒன்று அகன்ற பீங்கான், ஒன்று தயிர்ச் சட்டி, மற்ற இரண்டும் இடைப்பட்டவை. எல்லாவற்றிலும் ஒரே அளவு தண்ணீர். காகம் தட்டிவிட்டது, மறுபடி வைத்தாள். மழை பெய்து கெடுத்தது, மறுபடி வைத்தாள். எதிர்க் கடைக்காரரிடம் தராசு கேட்டு எடை பார்த்தாள். அவர் முதலில் ஏசினார், பிறகு அவரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அகன்ற பீங்கான்தான் முதலில் காய்ந்தது. எவ்வளவு அகலத்துக்கு எவ்வளவு வேகம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அது எனக்குத் தெரியாது. கணித ஆசிரியரிடம் போ என்றேன்.

கணித ஆசிரியர் இளைஞர், வெளி மாவட்டத்துக்காரர். இடைவேளையில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவளுக்குப் பரப்பளவையும் வரைபையும் சொல்லிக்கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து, “டீச்சர், நான் வகுப்பில வரைபு படிப்பிக்கேக்க நித்திரை கொண்ட பிள்ளை இது. இண்டைக்கு என்னைச் சாப்பிட விடுறாளில்லை” என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

தவணை முடிவில் அவள் கரும்பலகையில் வரைபைக் கீறி விளங்கப்படுத்தினாள். தன் வாப்பாவிடம் காட்டினாளாம். “அதுக்குத்தானே பாத்திய ஆழமில்லாமக் கட்டுறம்” என்று அவர் சிரித்தாராம். அவளைப் பார்த்து மற்றவர்களுக்கும் கேள்விகள் வந்தன. கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒருத்தி, மிளகாய்ச் செடி சுருளுவதைப் பற்றி ஒருவன், காற்று மாறும்போது வலையில் மீன் மாறுவதைப் பற்றி இன்னொருவன். ஒவ்வொரு கேள்வியும் போய் நின்ற இடம் ஒரு ஆசிரியரின் மேசை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை தானாகக் கற்கத் தொடங்கிய நாளிலிருந்து அதற்கு ஆசிரியர் இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டார். பார்த்தெழுதும் பிள்ளைக்குக் கரும்பலகை போதும்.

அடுத்த ஜனவரியில் அந்த வகுப்பு தரம் பதினொன்றுக்கு ஏறியது. சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடம். அதே ஜனவரியில் கணித ஆசிரியருக்குச் சொந்த ஊருக்கு இடமாற்றம் கிடைத்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு வருடம் வாடகை அறையில் தனியாகக் கிடந்தவர். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. அதிபர் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். கல்விக் கந்தோரில் ‘பார்க்கிறோம்’ என்றார்கள். அடுத்த மாதம் விஞ்ஞான ஆசிரியை பிரசவ லீவில் போனார். அவருக்குப் பதிலாகவும் யாரும் வரவில்லை.

நேரசூசியில் அந்தப் பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. நான் தினமும் காலையில் ஓய்வாக இருக்கும் ஆசிரியர் ஒருவரை அனுப்பிச் சமாளித்தேன். சங்கீத ஆசிரியை கணித வகுப்பில் போய் உட்கார்ந்து கொப்பி திருத்துவார். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருப்பார்கள். அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை நேரசூசிக்கு முன்னால் நின்றபோது முதலில் எனக்கு என்ன மாறியிருக்கிறது என்று பிடிபடவில்லை. வெறும் பெட்டிகள் இல்லை. எல்லாம் நிரம்பியிருந்தன. தரம் பதினொன்றின் கணிதப் பாடவேளைகள் ஒவ்வொன்றிலும், விஞ்ஞானப் பாடவேளைகள் ஒவ்வொன்றிலும், நீல மையில், அதிபரின் சாய்ந்த எழுத்தில்: சு.க., சு.க., சு.க.

நான் சுருக்கி எழுதிய அதே சுருக்கம். புள்ளிகூட அதே இடத்தில்.

அதிபரின் அறைக்குப் போனேன். நல்ல மனிதர் அவர். மாணவர் வீட்டில் மரணம் என்றால் முதல் ஆளாக நிற்பார். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. அந்த மூன்று வருடத்தை யாரோடும் முட்டாமல் கழிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிரார்த்தனை.

“சேர், கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் சு.க. எண்டு போட்டிருக்கீங்களே.”

“ஓம் டீச்சர். வெறுமையா இருந்தா நல்லா இல்லத்தானே. கந்தோரால வந்து பாத்தா கேப்பாங்க.”

“கேக்கட்டும் சேர். அவங்க கேக்கத்தானே வேணும்.”

“கேட்டா என்னைத்தான் கேப்பாங்க. ‘ஏன் ஆள் இல்ல’ எண்டு என்னட்டயே கேப்பாங்க. நான் எங்க போய் ஆளக் கொண்டு வாற?”

“சுயகற்றல் வேற சேர். ஆள் இல்லாத வகுப்பு வேற.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிள்ளைகள் எப்படியும் தனியாத்தானே இரிக்கிறாங்க. நீங்கதானே போன வருஷம் முழுக்கச் சொன்னீங்க, தனியாப் படிக்கப் பழகணுமெண்டு.”

அவர் குத்திப் பேசவில்லை. உண்மையாகவே அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தார். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. கெட்டவன் ஒருவன் திருடினால் பிடித்துக் கேட்கலாம். நல்ல மனிதர் எடுத்துக்கொண்டு, ‘உங்களுடையதுதானே’ என்று நன்றி சொன்னால் என்ன செய்வது?

நான் தனியாகப் படித்தவள். அதைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. தொண்ணூறில் வந்து, கிடுகுக் கொட்டிலில் பள்ளிக்கூடம் நடந்த காலத்தில், இரண்டு வருடம் எங்களுக்குக் கணித ஆசிரியர் இல்லை. என் மச்சியும் நானும் ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு கணக்குச் செய்தோம். விடைகள் இருந்த கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள். செய்த கணக்கு சரியா பிழையா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. மச்சி பதினேழில் கலியாணம் முடித்துப் போனாள். நில அளவையாளராக வேண்டும் என்று ஆசைப்பட்ட நான், கணிதத்தில் தட்டுத்தடுமாறித் தேறி, புவியியல் ஆசிரியை ஆனேன். அதைச் சாதனை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் பிடிக்காது. ஒரு ஆசிரியர் இருந்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

இவ்வளவு தெரிந்தும் அன்றைக்கு அதிபரின் அறையிலிருந்து பேசாமல் வெளியே வந்தேன். அந்தப் பெட்டிகளை அழிக்கவும் இல்லை.

ஏப்ரல் விடுமுறைக்குப் பிறகு கல்விக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். நேரசூசிக்கு முன்னால் நெடுநேரம் நின்று பார்த்தார். இப்போது கேட்பார், இத்தனை பெட்டிகளிலும் எப்படிச் சு.க. வரும் என்று கேட்பார், நான் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று காத்து நின்றேன்.

“அருமை,” என்றார். “நாங்கள் எல்லா இடமும் சொல்லிக்கொண்டு திரிகிறோம், செய்கிறவர்கள் இல்லை. இந்த வகுப்பைப் பார்க்கலாமா?”

தரம் பதினொன்றுக்கு அழைத்துப் போனோம். கணிதப் பாடவேளை. பிள்ளைகள் எழுந்து ஸலாம் சொன்னார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் கணிதப் புத்தகம் திறந்திருந்தது. அதிகாரி வகுப்பின் நடுவில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தானாகக் கற்கும் பிள்ளைதான் நாளைய உலகத்தை வெல்லும் என்று ஐந்து நிமிடம் பேசினார். பிறகு முன்வரிசையில் இருந்த உப்பளத்துக்காரரின் மகளைப் பார்த்து, “எப்படி, சுயமாகப் படிப்பது நல்லாக இருக்கிறதா?” என்று கேட்டார்.

அவள் எழுந்தாள். “சேர், நாங்களே வாசிக்கிறம். மடக்கைக்கு அங்கால விளங்குதில்ல.”

“முயற்சி செய்தால் விளங்கும்.”

“மூணு கிழமையா முயற்சி செய்றம் சேர். ஒரு படி மட்டும்தான் விளங்கல்ல. அத யாராவது சொன்னா மிச்சத்த நாங்களே செஞ்சிருவம்.”

இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்? நான் நாற்பது பக்கத்தில் எழுதினாலும் இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே அவள் தோளைத் தட்டுவதுபோலக் கையை அசைத்து, “உடனே உதவி கேட்கும் பழக்கத்தைத்தான் நாம் மாற்ற வேண்டும்” என்று எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். அதிபர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். இந்தக் கதையில் எனக்கு அதிகாரிமேல் இருக்கும் கோபத்தைவிட, நிலத்தைப் பார்த்த அந்த ஒரு நிமிடத்தின்மேல் இருக்கும் கோபம் பெரியது. அவள் மெதுவாக உட்கார்ந்தாள்.

அடுத்த கிழமை அவளுடைய உம்மா பாடசாலைக்கு வந்தார். முந்தானையால் தலையை இழுத்து மூடிக்கொண்டு ஆசிரியர் அறை வாசலிலேயே நின்றார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

“டீச்சர், ஒண்டு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“எங்கட புள்ளயளுக்குக் கணக்குப் படிப்பிக்க வேணாம், அவங்களே படிக்கட்டுமெண்டு நீங்கதான் சட்டம் கொண்டு வந்ததாம். அது மெய்தானா?”

“யார் சொன்னது?”

“எல்லாரும்தான் சொல்றாங்க. பெற்றார் கூட்டத்துல அதிபர் சேரும் சொன்னார், இது டீச்சர்ட திட்டம், கந்தோராலயும் பாராட்டினாங்கெண்டு.” அவருடைய குரல் உயரவில்லை. “நாங்க படிக்காத ஆக்கள். எங்களுக்கு விளங்குறல்ல. ஆனா உங்கட புள்ளக்கும் இப்படித்தான் செய்வீங்களா டீச்சர்?”

என் மகன் அப்போது புத்தளம் நகரில் ஒரு பாடசாலையில் படித்தான். அவனுக்குக் கணித ஆசிரியர் இருந்தார். கிழமையில் இரண்டு நாள் ரியூஷனும் இருந்தது. நான் அந்தத் தாய்க்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ முணுமுணுத்தேன். அவர் ஸலாம் சொல்லிவிட்டுப் போன பிறகு, கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கவலை கொஞ்சம்தான். வெட்கமும் ஆத்திரமும்தான் அதிகம்.

அன்றைக்குப் பின்னேரம் புதிய பிரிஸ்டல் மட்டை ஒன்று வாங்கினேன். சாப்பாட்டு மேசையில் விரித்தேன். முழுப் பாடசாலையின் நேரசூசியையும் முதலிலிருந்து எழுதினேன். ஆசிரியர் உள்ள பெட்டியில் பாடத்தின் பெயர். ஆசிரியர் இல்லாத பெட்டியில், சிவப்பு மையில், ‘ஆசிரியர் இல்லை’. சுருக்கி எழுதவில்லை. இடம் போதாத பெட்டிகளில் எழுத்தைச் சிறிதாக்கி முழுவதையும் எழுதினேன். தரம் பத்துக்குப் புதன்கிழமை இரண்டாம் மூன்றாம் பாடவேளைகளில் மட்டும் ‘சுயகற்றல்’ என்று எழுதி, பொறுப்பாசிரியர் என்று என் பெயரையும் எழுதினேன். எழுதி முடித்துத் தூரத்தில் நின்று பார்த்தால், தரம் பதினொன்று முழுவதும் அம்மை போட்ட உடம்பு மாதிரிச் சிவந்து கிடந்தது.

அதை மறுநாளே தொங்கவிடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வருடாந்த மேற்பார்வைக் குழு வருவதாக அறிவித்தல் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போய், பழையதைக் கழற்றிவிட்டு, இதை அதிபரின் கதவுக்குப் பக்கத்தில் நான்கு மூலையிலும் ஆணியடித்தேன்.

அதிபர் வந்து பார்த்தார்.

“டீச்சர், அல்லாஹ்வுக்காக இதக் கழற்றுங்க.”

“இதுல பொய் ஏதும் இரிக்கா சேர்?”

“பொய் எண்டு நான் சொல்லல்ல. இண்டைக்கு வேணாம். அவங்க போனதும் போடுங்க.”

“அவங்க பாக்கத்தான் போட்டது.”

“எனக்கு மூணு வருஷம்தான் இரிக்கி டீச்சர்.”

“அந்தப் பிள்ளைகளுக்கு ஏழு மாசம்தான் இரிக்கி சேர்.”

அவர் கையை நீட்டி மட்டையின் ஒரு மூலையைப் பிடித்தார். நான் மற்ற மூலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் வளர்ந்த மனிதர்கள். பிள்ளைகள் காலைக் கூட்டத்துக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். என்ன நினைத்தாரோ, கையை எடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குழு எட்டரைக்கு வந்தது. ஆறு பேர். பாராட்டிப் பேசிய அதே அதிகாரியும் இருந்தார். குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த பெண்மணி நேரசூசியைப் பார்த்து, சிவப்புப் பெட்டிகளைப் பேனை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டார். “இது என்ன?” என்றார்.

“ஆசிரியர் இல்லாத பாடவேளைகள், மேடம்.”

அதிகாரி இடையில் புகுந்தார். “போன முறை நான் வந்தபோது இவை சுயகற்றல் பாடவேளைகளாக இருந்தனவே?”

“அப்போதும் ஆசிரியர் இல்லை சேர். அந்தப் பிள்ளை எழுந்து நின்று உங்களிடம் சொன்னாள். நீங்கள் கேட்கவில்லை. நானும் பேசாமல் நின்றேன்.”

வீரம் என்று எதுவும் இல்லை. நான்கு மாதம் பிந்திச் சொன்ன உண்மை. பெண்மணி கொப்பியில் எழுதிக்கொண்டார்.

நடந்தவற்றை நடந்தபடியே சொல்கிறேன். விஞ்ஞானத்துக்குப் பதில் ஆசிரியை ஒருவர் மூன்று கிழமையில் வந்தார். கணிதத்துக்கு ஓகஸ்டில்தான் ஆள் வந்தது, அதுவும் வேறொரு பாடசாலையிலிருந்து கிழமைக்கு மூன்று நாள். பரீட்சை டிசம்பரில். ஒரு வருடப் பாடத்தை நான்கு மாதத்தில் அவர் ஓடி ஓடிப் படிப்பித்தார். எனக்கு விளக்கம் கோரிக் கடிதம் வந்தது: அனுமதி பெறாமல் நேரசூசியை மாற்றியது ஏன்? இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அத்தனை மாதம் ஆசிரியர் அனுப்பாதது ஏன் என்று விளக்கம் கோரி யாருக்கும் கடிதம் போனதாக எனக்குத் தெரியாது.

அதோடு ஒரு உத்தரவும் வந்தது. ‘குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு’ சுயகற்றல் பாடவேளைகளை உடனே நிறுத்த வேண்டுமாம். புதன்கிழமை இரண்டு பாடவேளைகளும் பறிபோயின. பொய்யாகப் போட்ட சு.க.வை ஒழிக்கச் சொன்னபோது, உண்மையான சு.க.வையும் சேர்த்து ஒழித்துவிட்டார்கள். தரம் பத்துப் பிள்ளைகள் அடுத்த புதன் வழமைபோல எழுந்து நூலகத்துக்குப் போக, அது பூட்டியிருந்தது. ஒரு பையன் கையில் முருங்கை இலை நிறைந்த பையோடு வந்திருந்தான். எதற்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. திரும்பிப் போய்த் தமிழ்ப் பாடத்தைப் பார்த்தெழுதினார்கள்.

ஜனவரியில் எனக்கு இடமாற்றம் வந்தது. முந்தல் பக்கம் ஒரு சிறிய பாடசாலை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். தண்டனை என்று கடிதத்தில் இல்லை. ‘சேவையின் தேவை கருதி’ என்று இருந்தது. அதிபர் பிரியாவிடைக்கு ஏற்பாடு செய்தார். பேசும்போது அழுதார். அவரை வெறுக்க என்னால் முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை.

பெறுபேறு வந்தபோது அந்த வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கணிதத்தில் தேறவில்லை. உப்பளத்துக்காரரின் மகள் தமிழில் ஏ, புவியியலில் ஏ, விஞ்ஞானத்தில் சி. கணிதத்தில் டபிள்யூ. டபிள்யூ என்றால் ‘பலவீனம்’ என்று அர்த்தம். யாருடைய பலவீனம் என்று அந்தப் பத்திரத்தில் எழுத இடம் இல்லை.

சில வருடங்களுக்குப் பிறகு கற்பிட்டி பஸ்ஸில் அவளைக் கண்டேன். எனக்கு இடம் விட்டு எழுந்து நின்றாள். இருவரும் ஒதுங்கி உட்கார்ந்தோம். மறுபடி எழுதிக் கணிதத்தில் சாதாரண சித்தி, அதாவது எஸ் என்ற ஆகக் குறைந்த தேர்ச்சி, எடுத்தாளாம். ஒரு வருடம் பிந்தி, உயர்தரம் கலைப்பிரிவில் படித்தாளாம். இப்போது ஒரு பாலர் பாடசாலையில் உதவி ஆசிரியை.

“விஞ்ஞானம்தானே படிக்க ஆசைப்பட்ட?” என்றேன்.

“கணக்குக்கு எஸ்தானே டீச்சர். அதை வெச்சு விஞ்ஞானத்துக்குச் சேக்க மாட்டமெண்டுட்டாங்க.” சிரித்தாள். “பரவாயில்ல. சின்னப் புள்ளயளோட நல்லாத்தான் இரிக்கி.”

“உனக்குக் கோபம் வரல்லயா?”

“யாரோட கோவிக்கிற டீச்சர்? எல்லாருக்கும் அப்படித்தானே நடந்திச்சு.”

அவள் பாலாவிச் சந்தியில் இறங்கினாள். இறங்கும் முன் என் கையைப் பிடித்து, துஆச் செய்யுங்கள் என்றாள். செய்கிறேன் என்றேன். பஸ் சிலாபம் வீதியில் திரும்பி ஓடத் தொடங்கியது. அவள் கேட்டது என் காதிலேயே நின்றது, யாரோடு கோபிப்பது என்று. எனக்கு ஆட்களைத் தெரியும். என்னையும் சேர்த்து எண்ணினால் நான்கைந்து பேர். எல்லோருமாகக் கூடி, ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு படி மட்டும் விளங்காதபோது அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வைக்காமல் இருந்தோம். அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்தோம். அவளுக்குக் கோபம் வராதது எனக்கு ஆறுதலாக இல்லை. தனக்கு என்ன பறிபோனது என்றுகூடத் தெரியாதபடி எடுத்திருக்கிறோம் என்று இன்னும் கொஞ்சம் ஆத்திரம்தான் வந்தது.